கோலாங்கில் அந்த நட்சத்திரக் குறி எதற்கு?

கோலாங் (Go) என்ற நிரலாக்க மொழியில் எழுதிய கோடை ரிவ்யூ செய்யும்போது, ஒரு டைப்பின் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி (*) வந்தால் அங்கே கொஞ்சம் நின்றுவிடுவேன். கேட்பது ஒரே கேள்விதான்: இந்த இடத்தில் இரண்டு பேரும் ஒரே பொருளைத்தான் பார்க்க வேண்டுமா, இல்லை ஆளுக்கொரு பிரதி இருந்தால் போதுமா? ஒரே பொருள்தான் வேண்டும் என்றால் பாயிண்டர், அதாவது பொருள் இருக்கும் மெமரி முகவரி. பிரதி போதும் என்றால் பாயிண்டர் வேண்டாம். புதிதாக வருபவர்களிடம் பாயிண்டரைப் பற்றி நான் சொல்வதெல்லாம் இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்புகிறது.

நான் வேலை செய்வது ஈரோட்டில், பால் கொள்முதல் நிலையங்களுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சின்னக் குழுவில். காலையும் மாலையும் உறுப்பினர்கள் பால் ஊற்றுகிறார்கள். அளவு, ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) மூன்றும் மெஷினிலிருந்து எங்கள் சர்வருக்கு வந்துவிடும். ரேட் சார்ட்டைப் பார்த்துத் தொகை போடுகிறோம். சர்வர் பக்கம் முழுக்க கோலாங். குழுவில் சேருகிறவர்கள் பெரும்பாலும் பைத்தானோ ஜாவாவோ தெரிந்தவர்கள். கல்லூரியில் சி மொழியில் பாயிண்டர் படித்த பயம் இன்னும் விட்டுப்போகாதவர்களும் உண்டு. பயப்படுகிறவர்கள் எங்கேயுமே நட்சத்திரம் போட மாட்டார்கள். "ஸ்டார் போட்டா வேகமா ஓடும்னு சொன்னாங்கக்கா" என்று வருகிறவர்கள் எல்லா இடத்திலும் போடுவார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

முதலில் அடிப்படை. கோலாங் கோப்புகள் யுடிஎஃப்-8இல் இருப்பவை என்பதால், வேரியபிளுக்குத் தமிழ் எழுத்தையே பெயராக வைக்கலாம். கீழே இருக்கும் மூன்று வரிகளும் ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்தால் அப்படியே கம்பைல் ஆகும்:

க := 42
ப := &க
*ப = 45

க ஒரு முழு எண். & அதன் முகவரியை எடுக்கிறது. அந்த முகவரி ப-வில் உட்காருகிறது. 64 பிட் கணினியில் அதற்கு 8 பைட் போதும். *ப என்றால் அந்த முகவரியில் இருக்கும் பொருள். மூன்றாவது வரி ஓடியபின் க-வின் மதிப்பு 45.

(தமிழில் பெயர் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். க, பட, மத போன்றவை மட்டும்தான் செல்லும். கோலாங் பெயர்களில் எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கிறது. யூனிகோடில் நம்முடைய புள்ளியும் துணைக்கால், கொம்பு எல்லாமும் தனிக் குறிகளாகக் கணக்காவதால் 'பால்' என்று எழுதினால் கம்பைலர் மறுத்துவிடும். இது எனக்கு நிஜமாகவே வருத்தம் தரும் விஷயம். யுடிஎஃப்-8ஐ 1992இல் உருவாக்கிய கென் தாம்சனும் ராப் பைக்குமே கோலாங்கையும் ராபர்ட் கிரீஸ்மருடன் சேர்ந்து வடிவமைத்தவர்கள்.)

சி படித்தவர்களுக்கு இங்கே மூன்று ஆறுதல்கள் உண்டு. பாயிண்டரோடு ஒன்றைக் கூட்டி அடுத்த இடத்துக்குத் தாவ முடியாது. மதிப்பு கொடுக்காத பாயிண்டரில் குப்பை முகவரி இருக்காது, நில் (nil, எதையும் காட்டாத வெற்று மதிப்பு) இருக்கும். ஃபங்ஷனுக்குள் பிறந்த வேரியபிளின் முகவரியைத் திருப்பி அனுப்பலாம், அது செத்துப் போகாது. மூன்றாவதைச் சொன்னால் சி ஆட்கள் நம்ப மறுப்பார்கள். ஃபங்ஷன் முடிந்த பிறகும் ஒரு வேரியபிள் உயிரோடிருக்க வேண்டியிருந்தால், கம்பைலரே அதைக் கண்டுபிடித்து ஹீப்பில் (ஃபங்ஷன் முடிந்தாலும் அழியாத மெமரிப் பகுதியில்) வைத்துவிடுகிறது. எந்தப் பாயிண்டரும் அதைக் காட்டாத நாளில், தேவையற்ற மெமரியைத் திரும்பப் பெறும் கார்பேஜ் கலெக்டர் எடுத்துக்கொள்ளும். இந்த வேலிகளைத் தாண்டத் தனியாக அன்சேஃப் என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது. எங்கள் வேலைக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

இனி, பைத்தான் ஜாவாவிலிருந்து வருகிறவர்கள் தடுமாறும் இடம். அந்த மொழிகளில் ஒரு ஆப்ஜெக்டை இன்னொரு வேரியபிளுக்குக் கொடுத்தால் இரண்டும் ஒரே ஆப்ஜெக்டைக் காட்டும். கோலாங்கில் பல ஃபீல்டுகள் சேர்ந்த ஒரு ஸ்ட்ரக்டைக் கொடுத்தால் முழுப் பிரதி உருவாகிறது. ஃபங்ஷனுக்கு எதை அனுப்பினாலும் பிரதிதான் போகும், இதற்கு விதிவிலக்கே கிடையாது. பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது மாதிரி: வாங்கியவர் அதில் என்ன கிறுக்கினாலும் அசலுக்கு ஒன்றும் ஆகாது. பாயிண்டரை அனுப்பினாலும் பிரதியாவது அந்த 8 பைட் முகவரிதான். இரண்டு முகவரியும் ஒரே இடத்தைக் காட்டுவதால்தான் அங்கிருப்பதைத் திருத்த முடிகிறது.

"அப்போ ஸ்லைஸ் மட்டும் ஏன்க்கா மாறுது?" என்ற கேள்வி அடுத்து வந்தே தீரும். நல்ல கேள்வி. ஸ்லைஸ் என்பது கோலாங்கின் பட்டியல். ஸ்லைஸ் என்று நாம் கையில் வைத்திருப்பது 24 பைட் உள்ள ஒரு சின்னத் தலைப்பு: உள்ளே இருக்கும் அரேயைக் காட்டும் ஒரு பாயிண்டர், நீளம், கொள்ளளவு. ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது இந்தத் தலைப்புதான் பிரதியாகிறது. அரே ஒன்றுதான். அதனால் ஏற்கெனவே இருக்கும் உறுப்பை மாற்றினால் அனுப்பியவருக்கும் தெரியும். ஆனால் உள்ளே போய் அப்பெண்ட் செய்தால் (கடைசியில் புது உறுப்பைச் சேர்த்தால்) அனுப்பியவரிடம் இருக்கும் நீளம் மாறாது, அவர் கண்ணுக்குப் புது உறுப்பு தெரியாது. கொள்ளளவு போதாமல் புது அரே உருவாகிவிட்டால் அதற்கப்புறம் இருவர் பார்ப்பதும் வேறு வேறு அரே. அப்பெண்ட் செய்யும் ஃபங்ஷன் புது ஸ்லைஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

இதில் இன்னும் நுட்பமான ஒன்று இருக்கிறது. ஒரு நாளின் பதிவுகள் எல்லாம் ப என்ற ஒரே ஸ்லைஸில் இருக்கின்றன, முதல் 40 காலைப் பதிவுகள், மீதி மாலை என்று வைத்துக்கொள்வோம். அதைப் பிரிக்கிறோம்:

க := ப[:40]
ம := ப[40:]

இப்போது காலைக்கு விடுபட்ட ஒரு பதிவை க-வோடு அப்பெண்ட் செய்தால் என்ன ஆகும்? க-வின் நீளம் 40தான், ஆனால் கொள்ளளவு மாலைப் பதிவுகள் இருக்கும் இடத்தையும் சேர்த்துக்கொள்கிறது. இடம் இருக்கிறதே என்று கோலாங் அங்கேயே எழுதிவிடும். மாலையின் முதல் உறுப்பினருடைய பதிவு அழிந்து போகும். எரர் வராது, பேனிக் (ப்ரோக்ராமை நிறுத்தும் பிழை) வராது. ஒருவருடைய பால் கணக்கு காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான். இதற்குத்தான் மூன்றாவது எண் கொடுக்கும் வசதி:

க := ப[:40:40]

கொள்ளளவும் 40தான் என்று கட்டிவிட்டோம். இனி அப்பெண்ட் செய்தால் புது அரே உருவாகும், மாலைப் பதிவு பத்திரமாக இருக்கும். இங்கே நட்சத்திரமும் இல்லை, & குறியும் இல்லை. பாயிண்டர் மட்டும் இருக்கிறது. ஸ்லைஸ், மேப் (கீ-வேல்யூ அட்டவணை), சேனல் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளுக்கு இடையே தகவல் கடத்துவது) மூன்றிலும் பாயிண்டர் ஒளிந்திருக்கிறது என்பது மனதில் பதிந்துவிட்டால் கோலாங்கில் பாதிக் குழப்பம் போய்விடும்.

சரி, எங்கே பாயிண்டர் தேவை என்பதற்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு 'இன்னும் இல்லை' என்பதைச் சொல்வது. எங்கள் மெஷின் அனுப்பும் ஜேசனில் (JSON, தகவலை எழுத்தாக அனுப்பும் வடிவம்) சில நேரம் ஃபேட் வராது. அனலைசர் மக்கர் செய்திருக்கும், சாம்பிளை எடுத்து வைத்துவிட்டுப் பிறகு பார்ப்பார்கள். ஃபேட் ஃபீல்டை வெறும் தசம எண்ணாக வைத்தால் ஜேசனில் அது இல்லாதபோது 0 என்று உட்கார்ந்துவிடும். ஃபேட் 0 என்றால் ரேட் சார்ட்டில் அந்தப் பாலுக்கு விலையே இல்லை. இன்னும் சோதிக்காத பாலுக்கும், சோதித்து 0 காட்டிய பாலுக்கும் வித்தியாசம் தெரியாத கோட், காலை ஐந்து மணிக்கு எழுந்து கறந்தவரின் காசில் கைவைக்கிறது. ஃபீல்டைத் தசம எண்ணுக்கான பாயிண்டராக வைத்தால் பிரச்சினை தீர்ந்தது: நில் என்றால் இன்னும் வரவில்லை, 0ஐக் காட்டும் பாயிண்டர் என்றால் மெஷின் 0 என்று சொல்லியிருக்கிறது, போய்ப் பார்க்க வேண்டும்.

சர்வர்களில் கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் மென்பொருளின் கோடைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது பழகியதுதான். டிப்ளாய்மென்ட்டில் எத்தனை பாட் (ஓடும் பிரதி) ஓட வேண்டும் என்று சொல்லும் ரெப்ளிகாஸ் ஃபீல்டு, 32 பிட் முழு எண்ணுக்கான பாயிண்டர். எதுவும் சொல்லாவிட்டால் 1 என்று எடுத்துக்கொள்ளும். 0 என்று சொன்னால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். வெறும் முழு எண்ணாக இருந்திருந்தால் இந்த இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. இப்படிப்பட்ட ஃபீல்டுகளுக்கு மதிப்புக் கொடுப்பதுதான் கொஞ்சம் எரிச்சல், ஏனென்றால் நேரடி எண்ணின் முன்னால் & போட முடியாது. இதற்காகவே ஆளாளுக்கு ஒரு குட்டி ஃபங்ஷன் எழுதி வைத்திருப்பார்கள். 1.26 பதிப்பிலிருந்து நியூ என்ற உள்ளமைந்த ஃபங்ஷனுக்கு மதிப்பையே கொடுக்கலாம், பாயிண்டர் கிடைத்துவிடும். நல்ல மாற்றம்.

ஒரு எச்சரிக்கை. ஜேசனில் அந்த ஃபீல்டு இல்லவே இல்லை என்றாலும் நில், வெளிப்படையாக நல் (null) என்று வந்தாலும் நில். திருத்தும் திரையிலிருந்து வரும் கோரிக்கையில் 'தொடாதே' என்பதும் 'அழித்துவிடு' என்பதும் வேறு வேறு அர்த்தம் என்றால் ஒற்றைப் பாயிண்டர் போதாது.

இந்த வசதியைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடும் எல்லா ஸ்ட்ரக்டிலும் பாயிண்டர் வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. வாசலில், அதாவது ஜேசன் உள்ளே வரும் இடத்தில் பாயிண்டர் இருக்கட்டும். வாசலைத் தாண்டியதும் மதிப்பும், அது இருக்கிறதா என்று சொல்லும் ஒரு பூலியனும் சேர்ந்த சின்ன ஸ்ட்ரக்டாக மாற்றிவிடுகிறோம். டேட்டாபேஸ் பேக்கேஜில் நல்ஃப்ளோட்64 என்று ஸ்டாண்டர்ட் லைப்ரரியே அப்படி ஒன்றை வைத்திருக்கிறது. 16 பைட்தான். அதைப் படிக்கும் ஒவ்வொரு இடத்திலும் நில் சோதனை மறந்து பேனிக் ஆகும் ஆபத்தும் போய்விடுகிறது.

இதற்கு வேகத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. 'ஸ்டார் போட்டா வேகமா ஓடும்' என்பதை இங்கேதான் எடுத்துப் பேச வேண்டும்.

எங்கள் உள் ஸ்ட்ரக்டில் உறுப்பினர் எண் 8 பைட், நேரம் யூனிக்ஸ் நொடிகளில் 8, மில்லிலிட்டரில் அளவு 8, ஃபேட் 16, எஸ்.என்.எஃப். 16, காலையா மாலையா என்பதற்கு 1. இடைவெளி நிரப்பிக் கணக்கிட்டால் 64 பைட். இதைப் பிரதி எடுப்பது இன்றைய ப்ராசஸருக்கு ஒரு வேலையே இல்லை. மாறாக, பாயிண்டராக்கினால் பொருள் ஹீப்புக்குப் போக வாய்ப்பு வருகிறது. ஹீப்பில் இடம் ஒதுக்குவதற்கு ஒரு செலவு, பிறகு கார்பேஜ் கலெக்டர் அதைத் தேடிப் போவதற்கு ஒரு செலவு, படிக்கும்போது முகவரியைத் தொடர்ந்து மெமரியின் வேறு மூலைக்குப் போவதற்கு ஒரு செலவு.

ஒரு லட்சம் பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரக்டுகளாகவே ஸ்லைஸில் வைத்தால் 64 லட்சம் பைட், வரிசையாக, ஒரே தொகுதி. அதற்குள் பாயிண்டரே இல்லை என்பதால் கார்பேஜ் கலெக்டர் அந்தத் தொகுதியின் உள்ளே எட்டிப் பார்க்கவே தேவையில்லை. இதையே பாயிண்டர்களின் ஸ்லைஸாக வைத்தால் ஒரு லட்சம் தனித்தனிப் பொருட்கள், அவற்றைக் காட்ட மேலும் 8 லட்சம் பைட், ஒவ்வொரு சுற்றிலும் கலெக்டர் தொட்டுப் பார்க்க வேண்டிய ஒரு லட்சம் முகவரிகள். நேரத்துக்கு ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் டைம் ஸ்ட்ரக்டை வைக்காமல் யூனிக்ஸ் நொடிகளை வைத்ததும் இதனால்தான். அதன் 24 பைட்டுக்குள் டைம்ஸோனைக் காட்டும் ஒரு பாயிண்டர் இருக்கிறது. மற்ற இடங்களில் அந்த டைம் ஸ்ட்ரக்டைத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம், பாயிண்டர் இல்லாமல் மதிப்பாகவே. லைப்ரரியும் அதை மதிப்பாகத்தான் கொடுத்து வாங்குகிறது.

பாயிண்டர் போட்டாலே ஹீப் என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஃபங்ஷனுக்குப் பாயிண்டரை அனுப்புகிறோம், அது படித்துவிட்டு எங்கேயும் சேமிக்காமல் முடிந்துவிடுகிறது என்றால் கம்பைலர் அதைப் புரிந்துகொண்டு பொருளை ஸ்டாக்கிலேயே (ஃபங்ஷன் முடிந்ததும் தானே காலியாகும் மெமரியில்) விட்டுவைக்கும். கீழ்நோக்கி அனுப்பும் பாயிண்டர் பெரும்பாலும் மலிவு. மேல்நோக்கித் திருப்பி அனுப்புவது, சேனலில் போடுவது, இன்டர்ஃபேஸுக்குள் (என்னென்ன மெத்தட் வேண்டும் என்று மட்டும் சொல்லும் டைப்) வைப்பது ஆகியவைதான் ஹீப்புக்கு இழுக்கும். ஊகிக்கத் தேவையில்லை: பில்ட் செய்யும்போது ஜிசிஃப்ளாக்ஸ் (-gcflags) ஆப்ஷனில் -எம் (-m) கொடுத்தால், எந்த வரியில் எந்த வேரியபிள் ஹீப்புக்குப் போகிறது என்று கம்பைலரே சொல்லிவிடும். வேகத்துக்காகப் பாயிண்டர் போட்டேன் என்று யாராவது சொன்னால் அந்த வெளியீட்டையும் பெஞ்ச்மார்க்கையும் கேட்பேன். இரண்டும் இருந்தால் மறுபேச்சு இல்லை.

ஒரே பொருளா, பிரதியா என்ற கேள்வி மெத்தட்களில் இன்னும் கூர்மையாகிறது. ரிசீவர் (மெத்தட் எந்தப் பொருளின் மேல் அழைக்கப்படுகிறதோ அது) மதிப்பாக இருந்தால் மெத்தட் பிரதியின் மேல் வேலை செய்யும். உள்ளே ஃபீல்டை மாற்றினால் மெத்தட் முடிந்ததும் அது காற்றோடு போய்விடும். கம்பைலர் ஒன்றும் சொல்லாது. ஸ்ட்ரக்டுக்குள் மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் அனுமதிக்கும் பூட்டு) இருந்தால் விஷயம் இன்னும் தீவிரம், ஏனென்றால் பூட்டையே பிரதி எடுத்துவிடுகிறோம். இரண்டு கோரூட்டீன்களும் (ஒரே நேரத்தில் ஓடும் ஃபங்ஷன்களும்) தனித்தனிப் பூட்டைப் பூட்டிக்கொண்டு ஒரே மேப்பைத் தொடும். கோலாங்கின் வெட் (go vet) கட்டளை இதைக் கண்டுபிடித்துச் சொல்லும், அதை ஓட்டாமல் மெர்ஜ் செய்ய நான் விடுவதில்லை. ஸ்ட்ரிங்ஸ் பில்டரில் (துண்டு துண்டாக ஸ்ட்ரிங் கட்டும் டைப்) எழுதத் தொடங்கிய பிறகு அதைப் பிரதி எடுத்து மேலும் எழுதினால் அது பேனிக் ஆகி நின்றுவிடும். இப்படி உரக்கக் கத்துவதை நான் வரவேற்கிறேன். ஒரு டைப்புக்கு ஒரு மெத்தடாவது பாயிண்டர் ரிசீவர் வேண்டும் என்றால் எல்லா மெத்தடுக்கும் அதையே வைத்துவிடுங்கள். பாதிக்குப் பாதி கலந்தால் படிப்பவர் ஒவ்வொரு முறையும் மேலே போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

மேப்பில் இருக்கும் ஸ்ட்ரக்டின் ஒரு ஃபீல்டை நேரடியாக மாற்றக் கம்பைலர் ஏன் விடுவதில்லை என்று கேட்பார்கள். மேப் வளரும்போது உள்ளே இருப்பவற்றை இடம் மாற்றி அடுக்கும், அதனால் உறுப்பின் முகவரியை எடுக்கவே மொழி அனுமதிப்பதில்லை. வெளியே எடுத்து, மாற்றி, திரும்ப வைக்க வேண்டும். அடிக்கடி மாறும் பொருள் என்றால் மேப்பில் பாயிண்டரை வைப்பது நியாயம்.

அடுத்து, பாயிண்டரால் ஒரு பெரிய நிறுவனமே தவித்த ஒரு நிகழ்வு. லெட்ஸ் என்க்ரிப்ட், இணையதளங்களின் பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் சான்றிதழை இலவசமாகத் தரும் அமைப்பு. அதன் பின்னால் ஓடும் போல்டர் என்ற மென்பொருள் கோலாங்கில் எழுதப்பட்டது. ஒரு டொமைனுக்கு யார் சான்றிதழ் தரலாம் என்று டொமைன் பெயர்களின் பதிவேடான டிஎன்எஸ்ஸில் சிஏஏ என்ற பதிவில் எழுதி வைக்கலாம். சான்றிதழ் தருவதற்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள் அதைச் சரிபார்த்திருக்க வேண்டும் என்பது விதி. ஒரே கோரிக்கையில் பல டொமைன்கள் மறுசரிபார்ப்புக்கு வந்தால், போல்டர் அத்தனையையும் பார்ப்பதற்குப் பதிலாக ஒரே டொமைனை அத்தனை முறை பார்த்தது. 2019 ஜூலையில் நுழைந்த இந்தப் பிழை 2020 பிப்ரவரி 29 அன்று உறுதியானது. பாதிக்கப்பட்ட சான்றிதழ்கள் 30 லட்சத்துக்கும் மேல். அவற்றில் 17 லட்சத்துக்கும் அதிகமானவை இரண்டு நாளுக்குள் மாற்றப்பட்டன.

காரணம், லூப் வேரியபிளின் முகவரியை எடுத்தது. அப்போதைய கோலாங்கில் ஃபார் லூப் எத்தனை முறை சுற்றினாலும் லூப் வேரியபிள் ஒன்றே ஒன்றுதான், ஒவ்வொரு சுற்றிலும் அதற்குள் புது மதிப்பு எழுதப்படும். அதன் முகவரியை எடுத்துச் சேர்த்து வைத்தால், கடைசியில் எல்லாப் பாயிண்டர்களும் ஒரே இடத்தைக் காட்டும். அங்கே இருப்பது கடைசிச் சுற்றின் மதிப்பு. போல்டர் கோடில் லூப்பின் கீ மறுபடி எழுதப்படும் என்று தெரிந்து அதற்குப் பிரதி எடுத்திருந்தார்கள். வேல்யூவுக்கு எடுக்கவில்லை. அதன் முகவரி இன்னொரு ஃபங்ஷனுக்குப் போய், அங்கே அதன் ஃபீல்டுகளின் முகவரிகள் எடுக்கப்பட்டு வெளியே வந்தன. படிக்கும்போது இந்த வரியில் தப்பு இருப்பதாகவே தோன்றாது, ஏனென்றால் முகவரி நிலைத்துத் தங்குவது இன்னொரு ஃபங்ஷனுக்குள். திறமையான ஆட்கள் எழுதி, திறமையான ஆட்கள் ரிவ்யூ செய்த கோட் அது.

2024 பிப்ரவரியில் வந்த 1.22 பதிப்பில் மொழியே இதைத் திருத்திக்கொண்டது. இப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் புது வேரியபிள். ஆனால் கவனிக்க வேண்டியது, உங்கள் மெஷினில் இருக்கும் கோலாங் எந்தப் பதிப்பு என்பது போதாது. மாட்யூல் கோப்பில் (go.mod) எழுதியிருக்கும் பதிப்பு 1.22க்குக் கீழே இருந்தால் பழைய நடத்தைதான். பழைய ப்ராஜெக்ட்டைக் கையில் எடுத்தால் நான் முதலில் திறப்பது அந்தக் கோப்பைத்தான்.

நில் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல் ரெஃபரன்ஸை 1965இல் அல்கால் டபிள்யூ மொழிக்காகக் கொண்டுவந்த கணினி விஞ்ஞானி டோனி ஹோர், 2009இல் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று மேடையிலேயே சொன்னார். கோலாங் நில்லை வைத்துக்கொண்டது. ரஸ்ட் மொழி மாதிரி, மதிப்பு இல்லாமலும் இருக்கலாம் என்று சொல்லும் ஆப்ஷன் டைப்பைக் கொண்டுவந்திருக்கலாம் என்பது என் கருத்து. நில் பாயிண்டரைத் தொட்டால் பேனிக் வரும், ஸ்டாக் டிரேஸில் வரி எண்ணோடு இருக்கும், திருத்திவிடலாம். அது எனக்குப் பெரிய தொல்லை இல்லை. தொல்லை தருவது, நில்லாக இருந்தும் நில் இல்லை என்று சொல்லும் எரர்.

இன்டர்ஃபேஸ் மதிப்புக்குள் இரண்டு பகுதிகள் இருக்கின்றன: உள்ளே இருப்பது என்ன டைப் என்பது ஒன்று, டேட்டாவைக் காட்டுவது இன்னொன்று. இரண்டும் காலியாக இருந்தால்தான் அது நில்லுக்குச் சமம். நாமே ஒரு எரர் ஸ்ட்ரக்ட் எழுதி, ஃபங்ஷன் அதன் பாயிண்டரைத் திருப்பித் தருவதாக அறிவிக்கிறோம். தப்பு ஏதும் இல்லை, நில் தருகிறோம். அழைத்தவர் அதை எரர் டைப் வேரியபிளில் வாங்கிக்கொள்கிறார். இப்போது அந்த வேரியபிளில் டைப் பகுதி நிரம்பிவிட்டது, டேட்டா பகுதி மட்டும் நில். 'நில் இல்லை' என்ற சோதனை உண்மையாகிவிடும். தப்பே நடக்காத பட்டுவாடா, தப்பு நடந்ததாக லாகில் போய்ச் சேரும். தீர்வு எளிது: எரர் தரும் ஃபங்ஷன் எரர் என்ற இன்டர்ஃபேஸையே தருவதாக அறிவிக்கட்டும், வெற்றி என்றால் வெறும் நில் என்று எழுதட்டும். எங்கள் குழுவில் இதை விவாதிப்பதில்லை, அப்படித்தான் எழுதுகிறோம்.

பாயிண்டர் பிடித்துவைத்திருக்கும் வரை அது காட்டுவது உயிரோடிருக்கும், அதுவும் முழுசாக. மெஷின் அனுப்பிய பெரிய கோப்பைப் படித்து, அதிலிருந்து நிலைய எண்ணுக்கான சில பைட்டுகளை ஸ்லைஸாக வெட்டி கேஷில் வைத்தால் மொத்தக் கோப்பும் மெமரியில் தங்கிவிடும். வேண்டிய பைட்டுகளைப் பிரதி எடுத்து வையுங்கள். ஸ்ட்ரிங்கின் துண்டுக்கும் இதே கதைதான், அதற்கென்றே ஸ்ட்ரிங்ஸ் பேக்கேஜில் குளோன் என்ற ஃபங்ஷன் இருக்கிறது.

கடைசியாக, பாயிண்டர் கோரூட்டீனைத் தாண்டும் இடம். ரேட் சார்ட் எங்களிடம் எல்லாக் கோரிக்கைகளுக்கும் பொதுவானது. விலை மாறும் நாளில், ஓடிக்கொண்டிருக்கும் சார்ட்டின் ஃபீல்டுகளை ஒவ்வொன்றாக மாற்றினால், அந்த நேரத்தில் பில் போடும் கோரிக்கை பாதி பழைய விலையையும் பாதி புது விலையையும் படிக்கும். அதனால் சார்ட்டை யாரும் திருத்துவதில்லை. புது சார்ட்டை முழுசாகத் தனியே கட்டி முடித்து, அட்டாமிக் பேக்கேஜின் பாயிண்டர் டைப்பில் இருக்கும் முகவரியை ஒரே அடியில் மாற்றிவிடுகிறோம். கோரிக்கை தொடங்கும்போது ஒருமுறை பாயிண்டரை எடுத்துக்கொள்ளும், முடியும்வரை அதே சார்ட்தான். பழைய சார்ட்டைப் படித்துக்கொண்டிருக்கும் கடைசிக் கோரிக்கை முடிந்ததும் கலெக்டர் அதை எடுத்துப் போய்விடும். ஸ்டார் போட பயப்படுகிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்தக் கோடைத்தான். படித்து முடித்ததும் டெஸ்ட்களை ரேஸ் டிடெக்டரோடு ஓட்டிப் பார்க்கச் சொல்வேன், பிறகு அட்டாமிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டச் சொல்வேன். ஒரே இடத்தை ஒரு கோரூட்டீன் எழுத, இன்னொன்று அதே நேரத்தில் படிக்கிறது என்று வரி எண்ணோடு திரையில் வந்து நிற்கும்.